அப்பா தூங்காத வீடு

நீ எழுந்திருக்கும்போது நான் புது வேலைக்குக் கிளம்பியிருப்பேன். சோறும் முட்டையும் மூடி வைத்திருக்கிறேன். எழுந்ததும் கதவின் மேல்தாழ்ப்பாளைப் போடு. கீழ்த்தாழ்ப்பாள் இப்போது நம் வாலுப் பெண்ணுக்கு எட்டுகிறது.

நேற்று அவள் அடம்பிடித்தபோது என்னிடம், "உங்க வம்சப் பிடிவாதம்" என்றாய். நானும் பதிலுக்கு உன் அக்காவைப் பேச்சில் இழுத்தேன். வம்சமும் இல்லை, அக்காவும் இல்லை. இந்த வயதில் எல்லாக் குழந்தையும் "மாட்டேன்" என்று சொல்லிப் பார்க்கும். நம் வீட்டில் அது ஒவ்வொரு தடவையும் பலித்துவிட்டது. நான் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குவேன். அவள் வீறிட்டால், "உஷ், அப்பா தூங்குறார்" என்று கேட்டதைக் கொடுத்துவிடுவாய். கொடுக்காவிட்டால் நான் எழுந்து கத்துவேன். நீ வேறு என்ன செய்வாய்?

உன்னிடம் சொல்லாத ஒன்று. நேற்று சாயங்காலம் ரோட்டைக் கடக்கும்போது என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். லாரிக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தாள். தூக்கி வந்து, "இனிமே கையை விடுவியா?" என்று அதட்டினேன். அவள் அழவில்லை. உதட்டில் விரலை வைத்து, "உஷ், அப்பா தூங்குறார்" என்றாள். என்னிடமே.

நைட் ஷிப்டை விட்டாகிவிட்டது. இனிப் பகலில் இங்கே யாரும் தூங்கப்போவதில்லை. கத்தினால் கத்தட்டும். கொடுக்காதே, அடிக்கவும் செய்யாதே.

இன்றைக்கு அவளை ரோட்டுப் பக்கம் கூட்டிப் போகாதே. பால் நான் வாங்கி வருகிறேன்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் வந்தால், சாயங்காலம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல். அவருக்காகவும் கொடுத்துவிடாதே.

மேல்தாழ்ப்பாள் போட்டாயா?