இலையிலிருந்து எடுத்த கல்

இன்று காலை ஜன்னலோரத்தைத் துடைக்கும்போது உன் கல் கையில் அகப்பட்டது. கரும்பச்சை நிறம், தொட்டால் சவர்க்காரம் போல வழுக்குகிறது. உன் அம்மா வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்து, இன்னும் அதன்மேல் இருக்கிறது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

பாறைகளைப் படிக்கும் ஆராய்ச்சி மாணவர்களாக நாம் மொன்றியலிலிருந்து சைப்பிரஸ் போன அந்த வசந்தம் நினைவிருக்கிறதா? மலையடிவாரத்தில், ஒரு காலத்தில் கடலடியில் உறைந்த எரிமலைக் குழம்பு தலையணை தலையணையாகக் கிடந்தது. ஆபிரிக்கக் கண்டத்தைச் சுமக்கும் புவித்தட்டு கீழே நுழைந்து நெம்ப, பழைய கடலொன்றின் தரையே எழுந்து தீவான இடம் அது. எழுந்த தரையின் நடுமேட்டை மழை அடுக்கடுக்காக அரித்துவிட்டதால், பூமியின் ஆழத்துப் பாறைதான் உச்சியில் தெரிந்தது. நான் மூச்சு வாங்கியபடி ஆங்கிலத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். நீ திரும்பி நின்று, “மேல ஏற ஏற நாம கீழ போறம், தெரியுமா?” என்றாய்.

“உனக்கு விசர்” என்றேன். நீ உச்சியில் ஒரு கல்லைப் பொறுக்கி, அதற்கு இடம் வேண்டுமென்று ஒரு சோடிச் சப்பாத்தைப் பயணப் பெட்டியிலிருந்து எறிந்துவிட்டு வந்தாய்.

போர் நின்றிருந்த சமாதானக் காலத்தில் மட்டக்களப்பிலிருந்து உன்னோடு இருக்க வந்த அம்மா, புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன பிறகு எட்டாம் நாள் படையலையும் தானே வைத்தார். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த உங்கள் வீட்டின் முன்னறையில் உன் படம், அதன் முன்னால் வாழையிலை. உனக்குப் பிடித்த நண்டுக்கறி, கட்டித் தயிர், அவற்றின் நடுவே பொட்டு வைத்த இந்தக் கல். நம் துறைப் பேராசிரியர் என் பக்கம் குனிந்து, “செ குவா, சா?” என்று பிரெஞ்சில் கேட்டார். இது என்ன என்று கேட்டது கல்லையா தயிரையா என்றுகூட நான் யோசிக்கவில்லை. கல்லைக் கும்பிடும் ஆட்கள் என்று நம்மை நினைத்துவிடுவாரோ என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அம்மாவிடம் போய், “அது வெறும் கல்லுத்தானே அம்மா, எடுத்து விடுங்கோ” என்றேன்.

“அவள் ஆசையாத் தூக்கி வந்தது, மனே” என்றார். ஆனாலும் எடுத்தார். எடுத்து என் கையில் தந்தார். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தமிழில் சொல்லக்கூடியவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

இன்று உன் ஆண்டுத் திவசம். கல்லைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அம்மாவிடம் கடல்தரையைப் பற்றிச் சொன்னேன், தட்டைப் பற்றி, மழையைப் பற்றி. ஏற ஏறக் கீழே போகிறோம் என்று நீ சொன்னதையும் சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார்.

“இது கீழ இரிந்து மேல வர எவ்வளவு காலம் எடுத்த?”

“கோடிக்கணக்கான வருசம், அம்மா.”

“நீ ஒரு வருசத்தில வந்திட்டாய்” என்றார். சிரிக்கவில்லை. கல்லை வாங்கி, படையல் இலையில் தயிருக்குப் பக்கத்தில், முன்பிருந்த அதே இடத்தில் வைத்தார்.

கல்லை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வெட்கம் மட்டும் என்னோடு மெட்ரோ ஏறி வீடுவரை வந்துவிட்டது. இருக்கட்டும்.