தொட்டவர் பொறுப்பு

நாள் 212, காலை 08:10

செவ்வாய், நான்காம் சுரங்கக் குடியிருப்பு. எழுதுவது மருத்துவர் யாழ்மொழி. மக்கள் 41, மருத்துவர் ஒருவர். காற்று, நீர், மருந்து போதுமான அளவு உள்ளன.

என் மதிப்பெண் 61. அறுபதுக்குக் கீழே போனால் அறுவைப் பெட்டி எல்லோருக்கும் பூட்டிக்கொள்ளும். கத்தி, மயக்க மருந்து, படமெடுக்கும் கருவி எல்லாம் அதற்குள். அடுத்த கப்பல் வர ஐந்து மாதம்.

மதிப்பெண் போடுவது பூமியிலுள்ள எங்கள் விண்மருத்துவர் சங்கம். அரசும் காப்பீட்டு நிறுவனமும் எங்களை அளக்கக் கூடாது, நாங்களே அளந்துகொள்வோம் என்று தீர்மானித்த நாளில் கைதூக்கியவர்களில் நானும் ஒருத்தி. அன்று மதிய உணவு நன்றாக இருந்தது.

விதி எளிது. என் கையுறை நோயாளியின் மேல் பட்டதும் அவர் என் பொறுப்பு. இறந்தால் நான்கு புள்ளி போகும். தொடாதவர் இறந்தால் அது இயற்கை. சென்ற மாதம் பாறை சரிந்து அடிபட்டு வந்த மூவரைத் தொட்டேன்; மூவரும் பிழைக்கவில்லை. 73 இப்போது 61.

நாள் 213, காலை 09:30

துளைப்பொறி ஓட்டும் முத்திருளன் வயிற்று வலியோடு வந்தார். உசிலம்பட்டிக்காரர், வயது 34. குடல்வால் அழற்சி போலிருக்கிறது. நாற்பது நிமிட அறுவை. நூற்றில் ஒருவர்தான் இறப்பார். என்னிடம் மிச்சமிருப்பது ஒரு புள்ளி.

கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று, வயிற்றை அவரையே அமுக்கிச் சட்டென்று விடச் சொன்னேன். ஒலிபெருக்கியில் வந்தது:

"எம் வயித்த நானே அமுக்கணும்னா நீங்க எதுக்கு டாக்டரம்மா? மார்க்கையும் எனக்கே போடச் சொல்லுங்க."

விடும்போதுதான் உயிர் போகிறது என்றார். சந்தேகமில்லை, குடல்வால்தான். சங்கத்திடம் விதிவிலக்குக் கேட்டுச் செய்தி அனுப்பினேன்.

நாள் 214, காலை 10:05

பதில் வந்தது.

"அன்பார்ந்த உறுப்பினருக்கு, தங்கள் விண்ணப்பம் தர அளவீட்டுக் குழுவின் பரிசீலனையில் உள்ளது. குழுத் தலைவர் ஆண்டு மாநாட்டில் இருப்பதால் முடிவு அடுத்த வாரம் தெரிவிக்கப்படும். மாநாட்டுத் தலைப்பு: தாமதமில்லாத சிகிச்சை."

முத்திருளனுக்குக் காய்ச்சல் 39. வலி நின்றுவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார். இப்படித் திடீரென்று நின்றால் குடல்வால் வெடித்துவிட்டது என்று பொருள். நல்லது என்றேன்.

நாள் 214, பிற்பகல் 15:40

கையுறை மாட்டி உள்ளே போய் அவர் வயிற்றில் கை வைத்தேன். பலகைபோல் இறுகியிருந்தது. பெட்டி படமெடுத்துப் பார்த்துவிட்டு அறிவித்தது:

"இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபது. உறுப்பினரின் மதிப்பெண்ணைக் காக்கும் பொருட்டு இந்த நோயாளிக்கு மட்டும் பெட்டி பூட்டப்படுகிறது. நேற்றைய வாய்ப்பு: நூற்றுக்கு ஒன்று."

இரும்புக் கம்பியால் நெம்பினேன். கம்பி வளைந்தது. பெட்டிக்குத் தரச் சான்று கொடுத்ததும் எங்கள் சங்கம்தான்.

"கை வச்சாச்சுல்ல," என்றார் அவர். "அப்புறம் என்ன, அறுங்க."

விஷயத்தைச் சொன்னேன். கூரையைப் பார்த்தபடி கேட்டார்:

"நேத்து கண்ணாடிக்கு அங்கிட்டே நின்னது இதுக்குத்தானா."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

நாள் 215, காலை 07:00

கை அவர் மேல்தான். இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகினால் சிகிச்சை முடிந்ததாகப் பெட்டி எடுத்துக்கொள்ளும். அப்போதுதான் அவர் பிழைத்தாரா இறந்தாரா என்று பதிவு செய்யும். பிதற்றுகிறார். யாரையோ 'ஏலே' என்று கூப்பிட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்கிறார். வாயில் தண்ணீர் விட்டேன். வழிந்துவிட்டது.

நாள் 216, காலை 11:20

இடக்கை எழுத்து. மன்னிக்கவும்.

அவர் உடல் குளிர்ந்து மூன்று மணி நேரம். பெட்டித் திரையில்: "சிகிச்சை தொடர்கிறது." கையை எடுத்தால் 57.

வாசலில் இருவர். ஒருவருக்கு விரல் நசுங்கியிருக்கிறது. இன்னொரு பெண் இரத்தமாக இருமுகிறாள். கதவைத் தட்டுகிறார்கள்.

மதிப்பெண் 61. அவர்களுக்குப் பெட்டி திறக்கும்.

எனக்குத்தான் கை ஒழியவில்லை.