கடற்கரையில் நிற்கும் கிணறு

ஜூன் 5, 2023. திங்கள்

காற்றே இல்லை. கல்முனை முழுவதும் தூங்குவதுபோல, கடலின் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் வீட்டில் கம்பஸ் போய்ப் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். வேலை கிடைக்கும்வரை சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒன்பது பேருக்குப் பாடம் நடக்கிறது. அவர்களுக்கு நான் டீச்சர் இல்லை, ராத்தா; அக்கா மாதிரி.

புதிதாக வந்திருப்பவள் றுஸ்தா. பத்து வயது. ஒலுவிலில் அவர்களுடைய வீட்டைக் கடல் எடுத்துவிட்டது. இங்கே மாமி வீட்டில் இருக்கிறார்கள். 'எனக்குப் பிடித்த இடம்' கட்டுரையைக் கொப்பியில் எழுதிவந்து வாசித்தாள். வீடு போய்விட்டதாம், கிணறு மட்டும் கடற்கரையில் நிற்கிறதாம், அவளைவிட உயரமாம்.

பர்ஸானுக்குப் பன்னிரண்டு வயது, மேசையில் அவன்தான் ராசா. "கிணறெண்டா குழி. குழி எப்பிடிகா எழும்பி நிக்கும்?"

மேசையே ஆடும்படி சிரித்தார்கள். றுஸ்தா கொப்பியை மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது உண்மை. கம்பஸ் காலத்தில் ஒலுவில் கரையில் நானே அப்படிக் கண்டிருக்கிறேன். சுற்றியிருந்த மண்ணைக் கடல் இழுத்துப்போக, கிணற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய கொங்கிறீட் வளையங்கள், கொட்டுகள், சின்ன மினாராபோல வெளியே நிற்கும்.

நான் சொல்லவில்லை. அடுத்த பாடத்தை எடுங்கள் என்றேன்.

ஜூன் 7

'பொய்க்கிணறு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் வாசலுக்கு வந்தால் ஒருவன் வெறுங்கையால் வாளி விட்டுத் தண்ணீர் அள்ளிக் காட்டுகிறான். சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால்கூட என் வாய் ஏன் கட்டிப்போகிறது? கம்பஸிலும் நாலு வருடம் கடைசி வரிசைதான்.

ஜூன் 8

கனவில் ஊரெல்லாம் கிணறுகள் எழும்பி நின்றன. பஸார் நடுவில், பள்ளிவாசல் மதிலுக்குப் பக்கத்தில். ஒன்றின் விளிம்பில் றுஸ்தா காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள். ஏதோ கேட்டாள். எனக்கு விளங்கவில்லை.

ஜூன் 9. வெள்ளி

வாயே திறக்காத றுஸ்தா, ஜும்ஆவுக்குப் பிறகு வீடு வீடாகப் போயிருக்கிறாள். நாளை ஒலுவிலுக்குப் போய்வர உம்மாமாரிடம் அனுமதி கேட்க. பர்ஸானின் வீட்டுக்கும்! என்னிடம் கடைசியாகத்தான் வந்தாள்.

"நாலு பேர் வாறாங்க. நீங்க வாறெண்டு சொல்லிப்போட்டன் ராத்தா."

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 10. சனி

அக்கரைப்பற்று பஸ்ஸில் போய் ஒலுவிலில் இறங்கி, தென்னைகளுக்குள்ளால் நடந்தோம். பாதித் தென்னைகள் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன. றுஸ்தா முன்னால் போனாள். நுரையைக் காட்டி, இது உம்மா சமைக்கிற குசினி, இது நாங்கள் படுக்கிற அறை என்று சொல்லிக்கொண்டே போனாள். பர்ஸான் தன்னை அறியாமலே அந்த இல்லாத சுவர்களைச் சுற்றி நடந்தான்.

கிணறு நின்றது. மூன்று கொட்டு உயரம், கடல்பக்கம் கொஞ்சம் சாய்ந்து. அலை அதன் அடியைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது.

பிறகு பர்ஸான், "இது ஆருட கிணறோ, ஆருக்குத் தெரியும்," என்றான்.

அவள் செருப்பைக் கழற்றினாள். கொட்டுகளின் இடுக்கில் கால்விரலை வைத்து ஏறி, விளிம்பில் இருந்துகொண்டாள். மேல்விளிம்புக்குச் சீமெந்து பூசிய அன்று, அவளுடைய ஒரு வயதுக் காலை வாப்பா அந்த ஈரத்தில் அமர்த்தினாராம். நம்பாதவன் ஏறிப் பார்க்கட்டுமாம்.

பர்ஸான் ஏறினான். அந்தச் சின்னக் காலடியைப் பார்த்தான். பிறகு கிணற்றுக்குள்ளேயும் பார்த்துவிட்டான். கறுப்பாகத் தண்ணீர். அந்த நேரம் பார்த்து ஒரு அலை வந்து மோதியது. விளிம்பைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினான். கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். கத்தோணும் எனக்கு — யா அல்லாஹ், சத்தம் வரல்லயே. தண்ணிக்குள்ள ஓடினன், அவ்வளவுதான். அபாயா நனைஞ்சு காலச் சுத்திக்கிட்டு.

"சிரிக்காதங்க."

றுஸ்தாதான். அலைக்கு மேலால் கேட்டது. சிரிப்பு நின்றது. அவள் இறங்கி, அவனுடைய குதிக்காலைப் பிடித்தாள்.

"உள்ளுக்குப் பாக்காத. கண்ண மூடு. கால நான் வைக்கிறன்."

ஒவ்வொரு இடுக்காக அவன் கால்களை அவளே வைத்தாள். கடைசியில் நான் அவன் இடுப்பைப் பிடித்து இறக்கினேன்.

மணலில் எல்லோரும் குந்தினோம்; நான் அபாயாவைப் பிழிந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, இப்படியொரு கிணறு நானும் முந்திக் கண்டிருக்கிறேன் என்றேன்.

றுஸ்தா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப அண்டைக்கி ஏன் ராத்தா சொல்லல்ல?"

கல்முனை வரும்வரை அவள் என்னோடு கதைக்கவில்லை.

ஜூன் 12

றுஸ்தா வரவில்லை.

ஜூன் 13

இன்றும் இல்லை. "அவ எங்க?" என்று பர்ஸான் இரண்டு தரம் கேட்டான். வாளி இறைப்பவன் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 14

றுஸ்தாவின் மாமி வீட்டுக்குப் போனேன். மூன்று தரம் வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான் கேற்றைத் தட்டினேன். றுஸ்தாவே வந்தாள்.

"அண்டைக்கிச் சொல்லப் பயந்திட்டன்," என்றேன்.

யாருக்கு என்று கேட்டாள். பர்ஸானுக்கு, எல்லோருக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கேற்றின் கொழுவியைப் போட்டுப் போட்டு எடுத்தாள்.

"இத அவங்களுக்கு முன்னுக்குச் சொல்லுங்க. அப்ப வாறன்."

ஜூன் 15

சொன்னேன். எழும்பி நின்று. குரல் எனக்கே யாரோ ஒருவருடையதுபோலக் கேட்டது.

பர்ஸான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நானும் அழுதன்தானே ராத்தா," என்றான்.

வாசலில் நின்று கேட்ட றுஸ்தா உள்ளே வந்து, கொப்பியைத் திறந்து, இன்று என்ன பாடம் என்று கேட்டாள்.

ஜூலை 20

கிணறு விழுந்துவிட்டது. அவளுடைய வாப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தச் செய்தியை மேசையில் அவளே சொன்னாள், நின்றுகொண்டு. கொட்டுகள் மணலில் படுத்துக் கிடக்கின்றனவாம். "இப்ப அதுக்குள்ளால தவழ்ந்து போகலாம்."

சனிக்கிழமை போக எட்டுப் பேர். உம்மாமாரைக் கேட்க இந்த முறை பர்ஸானையும் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸில் தனக்குப் பக்கத்துச் சீட் எனக்கு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.