இன்வாய்ஸில் இவர் பெயர்

மார்ச் 3

பாலத்தின் வரைபடம் முடிந்தது. பதினாலு தாள். கழுத்து கழன்று விழாத குறை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பியாயிற்று, கூடவே இன்வாய்ஸும். ஆறு வருஷமாக வரைவது நான், இன்வாய்ஸில் பெயர் இவருடையது. "எனக்கு ஏற்கெனவே வரி எண் இருக்கு. உனக்குன்னு தனியா ஒண்ணு எடுத்து, ஆடிட்டருக்கு ரெண்டு ஃபீஸ் அழணுமா?" என்றார் அன்றைக்கு. எனக்கும் சரியென்றுதான் பட்டது. புத்தியை எங்கே அடகு வைத்திருந்தேனோ!

மார்ச் 6

நாத்தனார் போன். "அண்ணன் வெளிநாட்டுக்காரனுக்கு மாரடிக்கிறான். நீ சும்மாதானே இருக்க, ஒரு வாரம் வந்து ஒத்தாசை பண்ணக் கூடாதா?" இவர் பக்கத்தில்தான் இருந்தார். செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

மார்ச் 11

கம்பெனியிலிருந்து படிவம். நாம் வரி கட்டுவது இங்கேதான் என்று வரி ஆபீஸில் சான்று வாங்கி அனுப்ப வேண்டுமாம். இல்லாவிட்டால் அங்கேயும் பிடிப்பார்கள், இங்கேயும் கட்ட வேண்டும். கடைசியில் ஓர் உறுதிமொழி: "இந்த வேலையைச் செய்பவர் நானே." நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் பேனாவைத் தேடினார்.

"பொய்யில்லையா இது?"

"நமக்குள்ள என்ன உன்னுது, என்னுது?"

கையெழுத்தைப் போட்டே விட்டார்.

மார்ச் 12

இன்று பென்சிலைத் தொடவில்லை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 14

இவருக்குச் சொல்லாமல் ஆடிட்டரைப் பார்த்தேன். பழசையெல்லாம் என் பெயருக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார் அந்த அம்மாள். "ஆறு வருஷமா சொன்னது பொய்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுக்கணும். அபராதம் வரும், ஒப்பந்தமும் போயிடும். பேப்பர்படி நீங்க இதுவரைக்கும் வேலையே செய்யலைம்மா."

வேலையே செய்யலையா? அப்ப யாரு செஞ்சது? இந்தக் கண்ணு யாருக்காகக் கெட்டுச்சு?

மார்ச் 19

இவருக்குக் கம்பெனியின் பாராட்டு. தலைமை வரைவாளர், மூன்று வருஷ ஒப்பந்தம். "நமக்குக் கெடச்சிருக்கு!" என்று ஓடி வந்தார். நானும் படித்தேன், 'நமக்கு' என்று எங்கேயும் இல்லை. "நீ வரைஞ்சு குடு, நான் கையெழுத்துப் போடறேன்."

முடியாது என்றேன். சொல்லியே விட்டேன். இனி என் பெயரில் நானே வேலை கேட்கிறேன், நீங்கள் விலகிக்கொள்ளுங்கள் என்றேன்.

மார்ச் 22

வீட்டில் கதவுகள்தான் பேசுகின்றன — படார், படார்.

மார்ச் 24

நான் வரையாமல் ஒப்பந்தத்தை வைத்து என்ன செய்வார்? விலகல் கடிதம் எழுதிவிட்டார். என்னிடம் நீட்டினார். "என் மனைவிக்கு வாய்ப்புக் கொடுங்கள். அவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவன் நானே."

"இது என்னங்க?"

"உனக்கு வரையத் தெரியும்னு வேற எப்படிச் சொன்னா நம்புவாங்க?"

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அனுப்பச் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன்.

மார்ச் 27

வரி ஆபீஸ். எனக்கென்று ஓர் எண். 'தொழில் தொடங்கிய நாள்' என்ற கட்டத்தில் இன்றைய தேதியைப் போடச் சொன்னார் குமாஸ்தா. போட்டேன்.

ஏப்ரல் 9

கம்பெனி பதில் வந்தது. சோதனைக்கு வரைந்து அனுப்பியது பிடித்திருக்கிறதாம். முன் அனுபவம் இல்லாததால் தொடக்க நிலை, பாதிக் கூலி. கையெழுத்துப் போட்டேன், என் கையெழுத்து.

"என்ன எழுதியிருக்காங்க?" என்று இவர் எட்டிப் பார்த்தார். கடைசிப் பத்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்: "சந்தேகம் வந்தால் தயங்காமல் உங்கள் கணவரிடம் கேளுங்கள். அவரைப் போல வரைகிறவர் எங்களுக்கு இன்னும் அமையவில்லை."

இவர் மெல்ல வாசல் பக்கம் திரும்பினார். இன்னொரு தரம் படித்தேன், இன்னும் சத்தமாக.