பந்தலுக்கு இரண்டு எழுத்து

என் எந்தப் பேச்சுக்கும் கைதட்டாத தவத்துக்கு,

நீ போய் ஒரு பனிக்காலம் கழிந்துவிட்டது. இங்கே இலண்டனில் வெயில் ஏறிவிட்டது. ரெய்னர்ஸ் லேன் கடைகளில் மாம்பழப் பெட்டிகளை நடைபாதை வரை அடுக்கிவிட்டார்கள். உன் ஊரில் இப்போது கதிரவன் மறையாத காலம். இருளே வராத ஊரில் இறந்தவனுக்கு எந்த நேரம் விளக்கேற்றுவது? இருந்திருந்தால் இதற்கும் குத்தலாக ஒன்று சொல்லியிருப்பாய்.

இதை ஊரறிய எழுதுகிறேன். உனக்காக நாங்கள் இங்கே நடத்திய நினைவுக் கூட்டத்தில் நான்தான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அரங்கு எழுந்து நின்றது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. எனக்கு உன்மேல் அழுக்காறு, தவம். "எரிச்சல் எண்டு சொல்லன் மச்சான், லேசா இருக்கும்" என்பாய். மச்சான் அல்ல, மைத்துனன் என்று நான் திருத்துவேன். நீ அதற்கும் சிரிப்பாய்.

கல்லூரிச் சொற்போரில் நீ ஓரணி, நான் மாற்றணி. என் குரல் பெரிது. உன் நாக்கு கூர். உன்னை அடக்கமானவன் என்று யாராவது சொன்னால் இன்றும் நான்தான் முதலில் மறுப்பேன். போருக்குத் தப்பி நாட்டை விட்டு ஓடிவந்தபோது எனக்கு வாய்த்தது இலண்டன். மேடை, ஒலிவாங்கி, மாலை. உனக்கு வாய்த்தது நோர்வேயின் வடமுனைக் கடற்கரை. பின்மார்க் மாவட்டம். வடதுருவ வட்டத்துக்கும் அப்பால் ஒரு மீன் ஆலை. அன்று உனக்காக நான் வருந்தினேன். அந்த வருத்தம் எந்த ஞாயிற்றுக்கிழமையில் அழுக்காறாக மாறியது என்று எனக்கே தெரியாது.

ஞாயிறுதோறும் தொலைபேசியில் அந்தக் கரையின் வரலாற்றை நான் கேட்காமலே சொல்வாயே. முன்னொரு காலத்தில் உருசியர் படகுகளில் மாவு கொண்டுவந்து, மீனை ஏற்றிப் போனதைச் சொன்னாய். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பின்வாங்கிய செருமானியப் படை வீடுகளையும் படகுகளையும் துறைகளையும் கொளுத்திவிட்டுப் போனதைச் சொன்னாய். தெற்கே அனுப்பப்பட்ட மக்கள், திரும்பக்கூடாது என்ற ஆணையை மீறித் திரும்பிவந்து சாம்பல்மேல் கூரை போட்டார்களாம். "எரிஞ்ச ஊருக்குத் திரும்பி வந்த சனமடா. இவையோடை கதைக்கிறதுக்கு எனக்கு விளக்கம் தேவையில்லை" என்றாய்.

நம் துயரை ஓர் ஆங்கிலேயனுக்கு விளக்க நான் எத்தனை மேடை ஏறியிருக்கிறேன்! உனக்கோ பக்கத்து வீட்டுக் கிழவிக்குக்கூட விளக்க வேண்டியிருக்கவில்லை. அழுக்காறு வராமல் வேறென்ன வரும்?

பிறகு கடலில் மீன் குறைந்தது. ஊரின் இளையோர் தெற்கே போனார்கள். மீன் வெட்டும் மேசைகள் ஆளின்றி நின்றன. அந்த இடங்களுக்குத்தான் நீயும் நம்மவர்களும் போனீர்கள். கை கொஞ்சம் நிமிர்ந்ததும் மற்றவர்கள் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட, நீ மட்டும் நின்றாய். மீன்பிடி உரிமை பெரிய கப்பல்களின் கைக்குப் போவதையும், ஆலை மூடுவதையும் திறப்பதையும் அங்கிருந்தே பார்த்தாய். உருசியக் கடலிலிருந்து ஊர்ந்துவந்த பெருநண்டைப் பற்றி நீ சொன்னதை நான் மேடையில் களவாகப் பயன்படுத்தியிருக்கிறேன். "வலையைக் கிழிக்குது எண்டு முதல்லை நண்டை ஏசினவை. விலை தெரிஞ்ச பிறகு நண்டுக்கு மரியாதை. எங்களையும் அப்பிடித்தான் மச்சான்."

உன் வேலைத்தோழர் ஈவாரைப் பற்றியும் அப்படித்தான் அறிந்தேன். அந்தக் கரையின் தொல்குடியான சாமி இனத்தவர். "இஞ்சை சாமியும் மீன் வெட்டுது!" என்று நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் வாய்திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட தலைமுறை அவருடையது. மொழி காக்க வாரீர் என்று நான் முழங்கும் அரங்குகளில் பாதிப்பேர் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பார்கள். மொழியை இழந்த ஒருவர் உன் பக்கத்து மேசையில் நின்று, நீ பேசும் தமிழைக் காதாரக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒரு செவி எனக்கு வாய்க்கவில்லையே.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

கொட் மீனைத் தலை நீக்கி, இரண்டிரண்டாக வாலைப் பிணைத்து, கடலோரத்து உயர்ந்த மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். உப்பில்லை, நெருப்பில்லை, குளிர்காற்றே உலர்த்தும். உடல் இத்தாலிக்கும் தலை நைசீரியாவுக்கும் விலைபோகும். அந்தச் சட்டங்களுக்கு ஒரு தமிழ்ப்பெயர் தா என்று நீதான் கேட்டாய். நிகண்டுகளைப் புரட்டி, புணர்ச்சி விதி பார்த்து, ஒரு சொல் ஆக்கித் தந்தேன்: உணக்கற்பரண். உணக்கல் என்றால் உலர்த்துதல். பரண், உயர்ந்த மேடை. எந்தப் புலவனாலும் குறை சொல்ல முடியாத சொல்.

"சொல்லி முடிக்கிறதுக்குள்ளை வாய் விறைச்சுப் போகுமடா" என்றாய். "நாங்கள் பந்தல் எண்டு சொல்லுறம்."

பந்தல் மணவீட்டுச் சொல்லல்லவா என்று சீறினேன்.

"இதுவும் கலியாணந்தான். சின்ன மீன் முட்டையிடக் கரைக்கு வரும். அதைத் துரத்திக்கொண்டு கொட் வரும். ஊர் முழுக்கப் பந்தலைப் போட்டிட்டு, மாப்பிள்ளை வாறாரோ எண்டு கடலைப் பாத்துக்கொண்டு நிக்கும். வராட்டில் ஒருத்தருக்கும் சோறில்லை."

ஒரு மாவட்டத்தின் பொருளியல் முழுவதையும் ஒரே சொல்லுக்குள் வைத்துவிட்டாய். அதிலும் தூய தமிழ்ச் சொல்! வடமொழி, ஆங்கிலம் என்று ஒதுக்கித் தள்ளக்கூட எனக்கு வழி விடவில்லை.

தமிழர் போன பிறகும் சொல் நின்றது. முதலாளி சொன்னார், ஈவார் சொன்னார், பின்னர் வேலைக்கு வந்த லித்துவேனியப் பெண்களும் சொன்னார்கள். உன் இறுதிச் சடங்கை என் வீட்டுக் கூடத்தில் திரையில் பார்த்தேன். ஈவார் எழுந்து பேசினார். நோர்வே மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. பந்தல். அழுதுகொண்டிருந்தவன் சட்டென்று அழுகையை நிறுத்தினேன். நான் ஆக்கிய சொற்கள் எத்தனையோ விழா மலர்களில் அச்சாகி உறங்குகின்றன. அவற்றில் ஒன்றையாவது இப்படி யாரும் அழுதபடி சொன்னதுண்டா?

போன கிழமை உன் மகள் கயல்விழி அழைத்தாள். பெயர் நான் வைத்தது. அதிலாவது என்னை வெல்ல விட்டாய்.

"மாமா, இறங்குதுறைக்குப் பக்கத்திலை அப்பான்ரை பேரிலை ஒரு பலகை வைக்கினம். மீன் காயவைக்கிற சட்டத்தின்ரை பேர் அதிலை நோர்வேஜியன்லை, சாமியிலை, தமிழிலை. தமிழை நான் எழுதிப் படம் அனுப்பியிருக்கிறன். சரியோ எண்டு பாருங்கோ."

பார்த்தேன். பண்டல் என்று எழுதியிருந்தாள். உன் ஊர்க்காரருக்கு நம் தகரம் நாவில் வராது, டகரமாகத்தான் விழும். பிள்ளை ஊரார் வாயிலிருந்து கேட்டபடி எழுதிவிட்டது. கடலோரத்தில் உன் நினைவாக ஒரு மூட்டை!

"பிழையோ மாமா? நீங்கள் என்ன அனுப்பிறியளோ அதை அப்பிடியே பலகையிலை வெட்டுவினம். இஞ்சை வேறை ஆருக்கும் தெரியாது."

வேறு யாருக்கும் தெரியாது. அந்த வரியைக் கேட்டதும் என் நெஞ்சு செய்த வேலையை உன்னிடம் மறைப்பானேன்? நாளைக்கு அனுப்புகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். உணக்கற்பரண் என்று அழகாக எழுதினேன். கல்லில் பொறித்தாற்போல் நின்றது. வடதுருவத்தின் வாசலில் என் சொல்!

அதே நினைவோடு மீன் வாங்கப் போனேன். கடைக்காரர் என் கூட்டங்களுக்கு வருகிறவர். "உங்களிடம் உணக்கல் இருக்கிறதா?" என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன்.

"ஆருக்கு வணக்கம் அண்ணை?"

"வணக்கமில்லை. உணக்கல். உலர்த்திய மீன்."

"ஓ, கருவாடோ! அதைக் கருவாடெண்டு கேக்க ஏலாதோ? அந்தா, பின்தட்டிலை கிடக்கு."

நீ எங்கேயோ நின்று வயிறு குலுங்கச் சிரித்ததைக் கேட்டேன். ஆனாலும் தவம், அந்தக் கடைக்காரரால் நான் மனம் மாறவில்லை. அவரை வெல்லவாவது பலகையில் ஏற வேண்டும் என்றுதான் வீடு வந்தேன்.

மறுநாள் கயல் மீண்டும் அழைத்தாள். "மாமா, கரைச்சல் தாறன் எண்டு நினைக்காதேங்கோ. ஈவார் நெடுகக் கேக்கிறார், எழுத்து வந்திட்டோ எண்டு."

"அவருக்கு ஏன் இந்தப் பரபரப்பு? அவர் மொழியிலும் எழுதுகிறார்கள்தானே?"

"அது பள்ளிக்கூடத்திலை கேட்டு எழுதினது. அவருக்கு அது வாசிக்கவே தெரியாது மாமா. தன்ரை அம்மா அதுக்கு என்ன சொன்னவ எண்டு எவ்வளவு யோசிச்சும் வரேல்லையாம். 'பந்தல்தான் இப்ப என்ரை சொல்லு, அதை வடிவா எழுதச் சொல்லு' எண்டு நிக்கிறார்."

மொழியைப் பறிகொடுத்த ஒரு மனிதர், நம் மொழியிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துத் தன் இழப்பின்மேல் கூரையாகப் போட்டிருக்கிறார். அதைப் பிடுங்கிவிட்டு அங்கே என் புலமையை நட்டால், அவர் அந்தப் பலகைமுன் நின்று எதைச் சொல்வார்?

பிள்ளையைத் தொலைபேசியிலேயே நிறுத்திவைத்து, ண்-ட இரண்டையும் அடித்து, ந்-த இரண்டையும் எழுதி, படமெடுத்து அனுப்பினேன். "மாமா, உங்கடை எழுத்து நல்ல வடிவு" என்றாள்.

என் அழுக்காறு தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உன் சொல் வென்றது. அதில் எனக்கு எரிச்சல்தான். ஆனால் மீன்காலம் முடிந்து பந்தல் வெறுமையாகும்போதும் அந்தப் பலகை நிற்கும். நீ இருந்தவரை எத்தனை முறை அழைத்தும், குளிர் என்று சொல்லி வராதவன் நான். வரும் மீன்காலத்தில் வருவேன். மாலையும் ஒலிவாங்கியும் இல்லாமல் வருவேன். ஈவாரின் பக்கத்தில் நின்று, தகரத்துக்கு நாவை எங்கே வைப்பதென்று அவருக்குக் காட்டுவேன். அவர் டகரமாகவே சொன்னால், இந்த ஒருமுறை திருத்தாமல் விடுவேன்.

ஊர் உன் சொல்லைப் படிக்கட்டும். நடுவில் நிற்கும் இரண்டு எழுத்து என்னுடையது.

உன் மச்சான்,
எழிலன்