மேட்டு வயல் பாட்டில்

ஜூன் 4
மழை விட்டதும் பாட்டில்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஊர் மண் காப்புச் சங்கத்தில் என் வேலை இதுதான். ஒவ்வொருவர் வயலிலிருந்தும் வழிந்து வரும் தண்ணீரைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து, பேர் ஒட்டி, மளிகைக்கடை ஜன்னலில் வரிசையாக வைக்க வேண்டும். யார் வீட்டு மண் கரைந்து போகிறது என்று நிறத்தைப் பார்த்தே ஊர் தெரிந்துகொள்ளும்.

எங்களுடையதுதான் சேறு. சங்கத் தலைவரே என் வீட்டுக்காரர். சரிவுக்குக் குறுக்கே புல்வரிசை நடுங்கள், மண் நிற்கும், கிணறு தெளியும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர், எங்கள் மேட்டில் மட்டும் மேலிருந்து கீழாக நட்டிருக்கிறார். டிராக்டர் திரும்பத் தோதாம். தண்ணீர் ஓடவும் தோதாகப் போயிற்று.

"இந்த ஒரு தடவை பக்கத்து வாய்க்கால்ல பிடிச்சுடு. அறுவடை முடிஞ்சதும் மாத்தி நட்டுடறேன்" என்றார். பிடித்தேன்.

ஜூன் 9
தங்கச்சி வந்தாள். எங்கள் மேட்டுக்கு நேர் கீழே அவள் வீடு. கிணறு மறுபடி கலங்கிவிட்டதாம். வெள்ளைத் துணியை நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டி வடிகட்டுகிறாளாம். அப்படியும் சின்னவளுக்கு வயிறு சரியில்லை. "எல்லாம் அந்தச் செங்கல் சூளைக்காரர் மண்ணைத் தோண்டறதாலதான்க்கா" என்றாள். ம் கொட்டினேன். ம்! அதுதான் எனக்கு நன்றாக வருகிறது.

ஜூன் 10
சொல்லிவிடலாமா? சொல்லிவிட்டு இந்த வீட்டில் எந்த முகத்தோடு வளைய வருவேன்?

ஜூன் 17
சங்கக் கூட்டம். சூளையை மூடச் சொல்வது என்று முடிவாகிவிட்டது. முடிவைச் சொன்னவர் என் வீட்டுக்காரர். குரல்கூடப் பிசிறவில்லை. கூட்டம் கலைந்ததும் சூளைக்காரர் என்னிடம் வந்தார்.

"நீங்கதானேம்மா தண்ணி பிடிக்கறீங்க. சூளைக்கு பாட்டிலே வைக்கலையே, என்னுது அவ்வளவு மோசமா?"

தெரியாது என்றேன். தெரியாதாம் எனக்கு.

ஜூன் 18
வீட்டுக்காரரிடம் கேட்டே விட்டேன். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை.

"தலைவன் வயலே இப்படின்னு தெரிஞ்சா அப்புறம் எவன் புல்லு வைப்பான்? வச்சதையும் பிடுங்கிடுவாங்க. எல்லார் கிணறும் போயிடும், பரவாயில்லையா?"

அதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் என்னைக் கொல்கிறது. வாயைத் திறந்தாலும் பாவம், மூடினாலும் பாவம். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் சுவர்தான் இடிக்கிறது.

ஜூன் 25
நல்ல மழை. எங்கள் வாய்க்காலிலேயே பிடித்தேன். எங்கள் பேரை ஒட்டினேன். ஜன்னலில் வைத்ததும் கடைக்காரர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருட்டுவதற்குள் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. தங்கச்சியும்தான்.

"முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றேன். அக்கா என்று கூப்பிடாமலே போய்விட்டாள்.

ஜூன் 26
அவர் சோற்றைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஜூலை 3
யாரும் புல்லைப் பிடுங்கவில்லை. அவர்தான் பிடுங்குகிறார், சரிவுக்குக் குறுக்கே மாற்றி நட. சூளையை மூடும் பேச்சும் அடங்கிவிட்டது. என்னிடம் மட்டும் கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

எங்கள் மேட்டுக் கிணறு எப்போதும் கண்ணாடி மாதிரி இருக்கும். மத்தியானம் அதில் ஒரு குடம் இறைத்துத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொன்னாள். குடத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு அந்த வெள்ளைத் துணியை எடுத்து, நாலாக மடித்து, தன் குடத்து வாயில் கட்டினாள். நான் கொண்டுபோன தண்ணீரை அதில் ஊற்றினாள்.