கிட்டாருக்குக் கட்டிய பல்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றும் மானம் போனது. மூன்றாவது பாட்டுப் பாதியில் என் கிட்டார் சுருதி விலகிவிட்டது. ஹாரன் பாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பஸ் ஓட்டுகிறாள், எங்கள் குழுவில் பாடுகிறாள்; குரல் அப்படி என்பதால் அந்தப் பெயர். மருந்துக்கடைக்காரர் டிரம் குச்சிகளைக் கீழே வைத்தார். மனிதர் இடக்கைக்காரர், டிரம்மை எல்லாம் திருப்பிப் போட்டுத்தான் வாசிப்பார். குச்சியைக் கீழே வைத்தார் என்றால் ஏதோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பஸ் டிப்போ விழா மார்ச் இருபத்திமூணு. அதுக்குள்ள இது சரியாகலேன்னா என் மச்சானைக் கூப்பிட்டுடறேன். அவன்கிட்ட நல்ல கிட்டார் இருக்கு."

தப்பா எடுத்துக்காம வேற எப்படி எடுத்துக்கறதாம்?

நான்கு வருஷமாக அவர் கடையின் கோடவுனில் மூன்று பேரும் வாசிக்கிறோம். நாற்பத்தைந்து வயதில் எனக்கே எனக்கென்று இருப்பது இந்த ஞாயிறு மதியம் ஒன்றுதான். அதைத் தூக்கி யாரோ ஒரு மச்சானுக்குக் கொடுக்கணுமா?

பிப்ரவரி 10

"புதுசா ஒண்ணு வாங்கிக்கோயேன்" என்கிறார் இவர், என் வீட்டுக்காரர். மாட்டேன். கடையில் இருந்ததிலேயே மலிவான கிட்டார்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் கழுத்து என் கைக்குப் பழகிவிட்டது. கெட்ட பாகங்களை மாற்றினால் போதும். பிடிவாதம் என்றார். இருந்துட்டுப் போகட்டும்.

பிப்ரவரி 15

கம்பியை முறுக்கும் சாவிகள் ஆறையும் மாற்றினேன். பழையவை லொடலொட. புதியவை என்ன சொகுசாகத் திரும்புகின்றன! வால்யூம் குமிழின் உள்பாகத்தையும் கழற்றிப் புதிதாக வைத்து, ஈயம் உருக்கி நானே சால்டர் செய்தேன். கரகரப்பு போயே போச்சு. அது முடியும்வரை இவர் ஒரு வாளித் தண்ணீரோடு கதவருகில் நின்றார். வீட்டைக் கொளுத்திவிடுவேனாம். கொழுப்பு.

பிப்ரவரி 16

மறுபடியும் விலகியது.

பிப்ரவரி 19

கண்டுபிடிச்சுட்டேன்! சாவியைத் திருப்பும்போது மேலே 'டிங்'கென்று ஒரு சத்தம். கழுத்தின் உச்சியில் ஆறு வெட்டுகளோடு ஒரு சின்னப் பட்டை இருக்கிறது, நட் என்கிறார்கள். மட்டமான பிளாஸ்டிக். வெட்டுகள் குறுகல் என்பதால் கம்பி அதில் சிக்கிக்கொள்கிறது. இழுத்து வாசித்தால் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. சாவிகள் மேல் பழி போட்டது என் தப்பு.

இருபத்திரண்டு வருஷமாகப் பல் லேபில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பல்செட் செய்கிறேன். இந்த ஒரு பல்லை எனக்குச் செய்துகொள்ள முடியாதா என்ன?

பிப்ரவரி 20

இவர் கிட்டாரை எதிரே நிறுத்தி அளந்து சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். "இடது ஓரம், தடிச்ச கம்பி..."

பிப்ரவரி 28

வாரம் முழுக்க மதிய இடைவேளையில் இதே வேலை. பல் நிறத்தில் வார்த்து, ஊசி அரத்தால் வெட்டுப் போட்டு, பாலிஷ் செய்து முடித்தேன். முதலாளி எடுத்துப் பார்த்து, "யாரோட பல்லும்மா இது?" என்றார். "என்னுதுதான் சார்." வாயைத் திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

மார்ச் 1

ஐயோ. தலைகீழ்! தடித்த கம்பியின் வெட்டு மெல்லிய கம்பியின் பக்கம். திருப்பிப் போடவும் வழியில்லை, வெட்டுகள் சாவிகள் பக்கமாகச் சரிந்திருக்கின்றன.

எங்கள் வேலையில் இடது என்றால் நோயாளியின் இடது. எதிரே இருந்து பார்க்கிற நமக்கு அது வலது. இவர் தன் இடது கைப்பக்கத்தைச் சொல்லியிருக்கிறார். நான் லேபில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் கிட்டாரின் இடது என்று வெட்டியிருக்கிறேன். ஒரு வாரம்! ஒரு வாரச் சாப்பாட்டு நேரம் போச்சு! இவர் சிரிக்கிறார். தரையில உக்காந்து சிரிக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 2

பழைய நட்டோடு வாசித்தேன். அதே கதைதான். "மச்சான்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், சும்மா ஒரு இதுக்குத்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மார்ச் 4

பல் நிற அக்ரிலிக் தீர்ந்துவிட்டது. புதுச் சரக்கு வர இரண்டு வாரமாம். கைவசம் இருப்பது ஈறுக்குப் போடும் ரோஸ் அக்ரிலிக் மட்டும். ரோஸ் என்றால் ரோஸ். இந்தத் தடவை இடதும் இல்லை, வலதும் இல்லை — ஒரு ஓரத்தில் 'தடியன்', மறு ஓரத்தில் 'ஒல்லி' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மார்ச் 13

ரோஸ் நட்டை ஒட்டியாச்சு, பசை காய்கிறது. தொடாதே. தொடாதே.

மார்ச் 16, ஞாயிறு

'டிங்' இல்லை! எத்தனை தரம் இழுத்து வாசித்தாலும் கம்பி சமர்த்தாகத் தன் இடத்துக்கு வந்து உட்காருகிறது. ஹாரன் அந்தக் குரலில் கத்திய கத்தலில் மாத்திரைப் பெட்டி ஒன்று அலமாரியிலிருந்து விழுந்தது. மருந்துக்கடைக்காரர் சுருதி பார்க்கும் கருவியைத் தட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நம்ம மச்சானுக்கு அன்னிக்கு என்னமோ வேலை இருக்காம்" என்றார். குச்சிகளை எடுத்துக்கொண்டார்.

மார்ச் 23

ஏழு பாட்டு. ஒரு தடவைகூட விலகவில்லை. இவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினார். வாளி கொண்டுவரவில்லை. சந்தோஷமா இருக்கேன். வேறென்ன எழுத?

ஏப்ரல் 5, சனி

மருந்துக்கடைக்காரர் லேபுக்கே வந்துவிட்டார், கையில் துணி சுற்றிய ஒரு கிட்டார். என்னுடைய அதே மலிவு ரகம், இடக்கைக்காரர்களுக்கு எல்லாவற்றையும் திருப்பிச் செய்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். ஆசையா இருந்துச்சு, வாங்கிட்டேன். ஆனா சுருதி நிக்கவே மாட்டேங்குது. இதுக்கும் பல்லு கட்ட முடியுமா?"

டிராயரைத் திறந்தேன். பல் நிறத்தில், தலைகீழாக வெட்டிய அந்தப் பாவப்பட்ட நட். அவர் கிட்டாரில் வைத்துப் பார்த்தேன், இதற்கென்றே வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

"எனக்காக முன்னாடியே செஞ்சு வச்சிருந்தீங்களா?" நட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். நான் அவசரமாகப் பசையைத் தேடினேன்.

நாளைக்கே ஞாயிறுப் பயிற்சிக்கு எடுத்துவரப் போகிறாராம்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றேன். "அப்போ டிரம்முக்கு உங்க மச்சானைக் கூப்பிட்டுடலாமா?"